ஒத்தப்பேல் பரமன் மகன்

கொக்கியைப் பிடுங்கிக்கொண்டார்கள் சார். நேற்றுக் காலையில், மில் வாசலில், எல்லோரும் பார்க்க. பிடுங்கியது வேற யாரும் இல்லை, என் தாய்மாமா. பிடுங்கி அவரே வைத்துக்கொண்டிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். சாக்கடையில் எறிந்தார். பஞ்சுப் பேல் தூக்குகிறவனுக்குக் கொக்கிதான் கை. அது இல்லாமல் பேலைப் பிடித்தால் விரல் நழுவும், இரும்புப் பட்டை உள்ளங்கையைக் கிழித்துவிடும்.

நீங்கள் என்னடா என்றால் நான் பேல் தூக்கின வீடியோவைப் பார்த்துவிட்டுக் கை கொடுக்க வந்திருக்கிறீர்கள்.

தெருமுனையில் நீங்கள் விசாரித்தது எனக்குக் கேட்டது. "ஒத்தப்பேல் பரமன் மகன் வீடு எது?" எனக்குப் பேர் இருக்கு சார். கனிராஜ். அதை முதலில் எழுதுங்கள்.

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், சுவரோடு தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். நான் நிற்கிறேன். எனக்கு நிற்பதுதான் பிடிக்கும்.

மில் ஊர்களின் பழைய நினைவுகளைத் தொகுத்துப் புத்தகம் போடுகிறீர்கள், சரி. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் உங்களுக்கு ஒரே நினைவுதான் கிடைக்கும். டீக்கடையில் கேட்டிருப்பீர்களே? பரமன் ஒரு பேலைத் தூக்கினார் என்று ஒருத்தன் சொல்லியிருப்பான். ரெண்டு பேல் என்று அடுத்தவன் சொல்லியிருப்பான். பேலுக்கு மேலே லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தார் என்றுகூட ஒரு கிழவர் சொல்வார். கேட்டால், "நான் கண்ணால பாத்தேன்டே" என்பார். அவர் அந்த வருஷம் பம்பாயில் இருந்தார்.

நடந்ததை நான் சொல்கிறேன். நான் அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் எனக்குத்தான் சரியாகத் தெரியும்.

இருபது வருஷம் ஆகிறது. எங்கள் மில்லில் பருத்தியிலிருந்து விதையைப் பிரித்து, பஞ்சை அமுக்கிப் பேலாகக் கட்டுவார்கள். முழுப் பேல் நூற்றி எழுபது கிலோ. கட்டி முடித்ததும் மேலே பெயிண்டில் நம்பரும் எடையும் எழுதுவார்கள். அதை லாரியில் ஏற்ற ஒரு பேலுக்கு நாலு ஆள், நாலு மூலையில் நாலு கொக்கி. அப்படி ரெண்டு செட்டு, மொத்தம் எட்டுப் பேர். கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து லோடு எடுக்க வந்த டிரைவர், லாரிக்கு ஏறுகிற பலகைப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறான்.

"ஏனுங்க, ஒரு பேலுக்கு நாலு ஆளுங்களா? எங்கூர்ல பொம்பளைங்களே இடுப்புல வெச்சுட்டுப் போயிருவாங்கோ."

இவ்வளவுதான் அவன் சொன்னது. எங்கய்யா பரமனுக்குப் பொறுக்கவில்லை. "நான் ஒத்தையில ஏத்துறேன். ஏத்திட்டா என்ன வே செய்வீரு?" என்று கேட்டிருக்கிறார். "மீசைய எடுத்துக்கறனுங்க" என்றான். அய்யா குனிந்து நின்றார். பேல் அடுக்கின் மேலிருந்து என் மாமா ஆவுடைராஜ் ஒரு பேலைச் சரித்து விட்டார். அய்யா முதுகில் வாங்கிப் பலகையில் நடந்து லாரியில் ஏற்றிவிட்டார். டிரைவர் எங்கள் ஊர் சலூனிலேயே மீசையை எடுத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தான்.

இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் பென்ச்சைத் தூக்க வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பிளஸ் ஒன்னில் கணக்கு வரவில்லை. வாத்தியார் "நீ பேல் தூக்கத்தான்டா லாயக்கு" என்றார். சரி சார் என்று பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சும்மா உட்கார்ந்து நேரத்தை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

மில்லில் சேர்ந்த முதல் வாரம் மாமாவிடம் கேட்டேன். "மாமா, அய்யா தூக்குன பேல் எத்தன கிலோ?"

அவர் பீடியைக் காலில் அணைத்துவிட்டுச் சிரித்தார். "மருமகனே, அது கடைசிப் பேலுடே."

உங்களுக்குப் புரியாது. ஒரு லோடு பஞ்சை அமுக்கிக்கொண்டே வந்தால் கடைசிப் பேலுக்குப் பஞ்சு பத்தாது. மிஞ்சினது எவ்வளவோ அவ்வளவுதான். பார்க்க மற்ற பேல் மாதிரியே இருக்கும், உள்ளே இறுக்கம் இருக்காது.

"கூட்டிப் பெருக்கி அள்ளிப் போட்டு அமுக்குனோம். நூத்தி இருவது இருந்தாப் பெருசு. எடை எழுதுறதுக்கு முன்னாடியே மச்சான் குனிஞ்சுட்டாரு. எது கைக்கு எட்டுச்சோ அதச் சரிச்சு விட்டேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"எப்படிடே சொல்ல? அக்கா மாப்பிள்ள. ஊரே சுத்தி நின்னு விசிலடிக்கு. நான் போயி இது முழுப் பேல் இல்லன்னு சொன்னா எங்கக்கா எம் மூஞ்சில முழிப்பாளா?"

சரி, அன்றைக்குச் சொல்லவில்லை. அடுத்த சீசனில் சொல்லியிருக்கலாம் இல்லையா? அப்போது பெரிய முதலாளி இருந்தார். எட்டுப் பேரையும் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டாராம்: "பரமன் ஒத்தையில தூக்குறான். உங்களுக்கு மட்டும் நாலு பேர் வேணுமோ?" பேலுக்கு ரெண்டு பேர் போதும் என்று நாலு பேரை அனுப்பிவிட்டார். அது கடைசிப் பேல், பாதிப் பேல் என்று ஒருத்தன் வாயைத் திறந்திருந்தால் முடிந்தது. எட்டுப் பேருக்கும் தெரியும் சார். எல்லோரும் சொந்தக்காரர்கள். பரமன் மானம் போய்விடும் என்று பேசாமல் நின்றார்கள். வெளியே போன நாலு பேரும்கூடப் பேசாமலே திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள். இப்படி ஒரு கூட்டத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? இதை எழுதுங்கள் உங்கள் புத்தகத்தில். எழுதமாட்டீர்கள்.

எங்கய்யா என்ன செய்தார் தெரியுமா? ஒத்தையில் ஏற்றின அந்தச் சீசனோடு பேல் தூக்குவதையே நிறுத்திவிட்டார். "ஜெயிச்சாச்சு, பொறவு எதுக்கு?" என்றாராம். பெரிய முதலாளி வாசலில் வாட்ச்மேன் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். அதிலும் ஒழுங்காக உட்காரமாட்டார். ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பெரிய சண்டியர் மாதிரி. கீழே ஏதாவது விழுந்தால் குனிந்து எடுக்கமாட்டார், அடுத்தவனைத்தான் எடுக்கச் சொல்வார். அவ்வளவு திமிர். மிச்சம் நாலு பேர் எட்டுப் பேர் சுமையை அவர் கண் முன்னாலேயே சுமந்தார்கள்.

நான் அவரை மாதிரி இல்லை. அதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வருஷக் கதைக்கு வருகிறேன். இப்போது நடத்துவது சின்ன முதலாளி. நாங்கள் நாலு பேர்: மாமா, தங்கமாடன் அண்ணன், யாக்கோபு அண்ணன், நான். மழை நேரத்தில் பலகை வழுக்கும். மாமாவுக்கு வயது ஐம்பத்தி மூன்று. மூன்று மாதத்தில் ரெண்டு தடவை பேலோடு சறுக்கினார். ரெண்டாவது தடவை மறுமுனையில் நான்தான். நான் இழுத்துப் பிடித்திருக்காவிட்டால் பேல் அவர் மேல் விழுந்திருக்கும். அன்றைக்கே நாலு பேரும் ஆபீஸுக்குப் போனோம். பேலுக்கு நாலு பேர் பழையபடி வேண்டும் என்று கேட்டோம்.

சின்ன முதலாளி சத்தம் போடுகிற ஆள் இல்லை. சிரித்துக்கொண்டேதான் பேசுவார். "என்ன ஆவுடை, பரமன் ஒத்தையில தூக்குன மில்லுல நின்னுக்கிட்டு இப்படிக் கேக்கலாமா?"

அப்புறம் என்னைப் பார்த்தார். மில்லுக்கு ஐம்பதாவது வருஷ விழா வருகிறது. அதில் பரமன் மகன் ஒத்தையில் ஒரு பேலைத் தூக்கட்டும் என்றார். "இவனால முடியலன்னா முடியலன்னு சொல்லட்டும். அதே மைக்குல நாலு பேர் போட்டுட்டேன்னு நான் அறிவிக்கிறேன். முடிஞ்சா, இந்தப் பேச்சையே இனி எடுக்கக்கூடாது. சரியா?"

மாமாவுக்கு அப்போதே முகம் மலர்ந்துவிட்டது. வெளியே வந்ததும் என் தோளில் கையைப் போட்டார். "கும்பிடப் போன சாமி குறுக்க வந்துட்டுடே. நீ தூக்கவும் வேண்டாம், மச்சான் பேரக் கெடுக்கவும் வேண்டாம். முதுகுல வாங்குற மாதிரி வாங்கி, முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. நாலு குடும்பம் திரும்பி வந்துரும்."

யாக்கோபு அண்ணன் எனக்குப் பயிற்சியே கொடுத்தார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், ஷெட்டுக்குப் பின்னால்.

"எங்க, சொல்லு பாப்போம்."

"முடியல."

"ஏலே, சண்டைக்கு வந்தவன் மாதிரிச் சொன்னா எவன் நம்புவான்? லேசா முக்கிச் சொல்லு. கண்ணச் சுருக்கு."

"முடியல."

"கக்கூஸ்ல உக்காந்தவன் மாதிரி இருக்குடா."

தங்கமாடன் அண்ணன் சிரித்துச் சிரித்துச் சோற்றைச் சிந்தினார். நானும்தான் சிரித்தேன். ஒரு வாரம் தினமும் சொல்லிப் பார்த்தேன். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. சத்தியமாக.

ஞாயிற்றுக்கிழமை விழா. காலையில் நான் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது அய்யா உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மேடையில் அவருக்குத்தான் முதல் மாலை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏலே, அது உன்னால ஆகாது. பேசாம முடியலன்னு சொல்லிட்டு எறங்கிரு."

மாமா சொன்னதையேதான் அவரும் சொன்னார். வார்த்தை ஒன்றுதான். ஆனால் அவர் சொன்னதும் எனக்கு உடம்பு எரிந்தது. ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியாதா? அவர் பேருக்குப் பங்கு வந்துவிடும். இருபது வருஷமாக ஒரே ஆள் ஒத்தப்பேல். இன்னொருத்தன் வந்துவிட்டால்? அதுவும் முழுப் பேலோடு வந்துவிட்டால்? அந்தப் பயம். என்னை ரெண்டு தடவை தொட்டுத் தொட்டுச் சொன்னார், "சொல்லிரு, என்ன? சொல்லிரு."

பந்தல், சீரியல் லைட், ஊர் முழுக்க ஜனம், வெளியூரிலிருந்து காரில் வந்த பெரிய ஆட்கள். பேனரில் அய்யா படம் ஆள் உயரத்துக்கு. கீழே எழுதியிருந்தது: "ஒத்தப்பேல் பரமன் வழியில் அவர் மகன்." எனக்குப் பேர் போட இடம் இல்லையாம். மைக்கில் கூப்பிட்டவனும் அப்படித்தான் கூப்பிட்டான், மூன்று தடவை.

பேலைச் சின்ன முதலாளியே தேர்ந்தெடுத்திருந்தார். நூற்றி எழுபது என்றுதானே வீடியோவில் போட்டிருக்கிறது? தப்பு. நூற்றி எழுபத்தி ரெண்டு. பெயிண்டில் எழுதியிருந்ததை நான் படித்தேன். பலகையில் பன்னிரண்டு அடி வைத்தேன் என்று ஒருத்தன் எழுதியிருக்கிறான். நான் வைத்தது பதினாலு அடி. எண்ணினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நாளைக்கு எவனும் மாற்றிச் சொல்லக்கூடாது.

அடுக்கின் மேல் மாமாதான் நின்றார். நான் குனிந்து முதுகைக் கொடுத்தேன். மாமா பேலைச் சரித்தார். பாதிப் பாரம் என் மேல், பாதி அவர் கையில். கொக்கியைப் போட்டு இழுத்துப் பிடித்திருந்தார். கழுத்துக்குப் பின்னால் அவர் மூச்சு கேட்டது.

"நான் புடிச்சிருக்கேன் மருமகனே. இப்பச் சொல்லு."

கூட்டம் கத்துகிறது. முன் வரிசையில் அய்யா. மாலை போட்டு உட்கார்ந்திருக்கிறார், அந்தப் பாதிப் பேல்காரர். என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டுகிறார், வேண்டாம் வேண்டாம் என்று.

"சொல்லுடே. கை நழுவுது."

சார், பாரம் பாதி இறங்கியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னால் முடியும். கால் நிற்கிறது, இடுப்பு நிற்கிறது. முடியும் என்று தெரிந்த பிறகு முடியல என்று எப்படிச் சொல்வது? எனக்குப் பொய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், வாத்தியாரிடம்கூட உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் அடி வாங்குவேன்.

"விடுங்க மாமா" என்றேன்.

அவர் விடவில்லை. நான் முன்னால் ஒரு அடி எடுத்து வைத்தேன். கொக்கி பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

அப்புறம் நீங்கள் வீடியோவில் பார்த்ததுதான். வீடியோ லாரியோடு முடிகிறது. அதற்குப் பிறகு சின்ன முதலாளி மைக்கைப் பிடித்தார். நாலு பேர் என்ற பேச்சு இனி இல்லை என்று மட்டும் சொல்வார் என்று பார்த்தால், அவருக்குக் குஷி. "சரிச்சு விட ஒருத்தர், சுமக்க ஒருத்தர். மொத்த மில்லுக்கும் ரெண்டே பேர். இதுதான் நம்ம மில்!" என்றார். கைதட்டினார்கள். தங்கமாடன் அண்ணன்கூட விவரம் புரியாமல் முதலில் கைதட்டிவிட்டார்.

நேற்று, திங்கட்கிழமை காலையில் வாசலில் சொல்லிவிட்டார்கள். மாமாவும் தங்கமாடன் அண்ணனும் வரவேண்டாம். யாக்கோபு அண்ணன் சரித்து விடுவார், நான் சுமக்க வேண்டும். அப்போதுதான் மாமா என் கொக்கியைப் பிடுங்கினார். திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் நானும் ரெண்டு பேசியிருப்பேன்.

யாக்கோபு அண்ணன் ஷெட்டுக்குள் வந்து அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். "ஒனக்குச் சரிச்சு விட எனக்குக் கை வராது தம்பி" என்றார். அவரும் என்னோடு பேசியது அவ்வளவுதான்.

சாயங்காலம் அத்தை, மாமாவின் மனைவி, தெருவில் நின்று கத்தினாள். "உங்கப்பன் நாலு குடும்பத்த அனுப்புனான். நீ ரெண்டு. ஒம் பிள்ளையும் பொறந்து வரட்டும்டா, மில்லயே தூக்கி எறியட்டும்!" ஜன்னல் ஜன்னலாக ஆட்கள். அய்யா உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எழுந்து ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. இவர்தான் பலசாலி.

எல்லாத்தையும் என் தலையில் கட்டுகிறார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றவர்கள் இவர்கள். பொய்யாக ஒரு பேலைத் தூக்கினவர் அவர். ரெண்டு பேர் போதும் என்று சொன்னவர் முதலாளி. நான் ஒருத்தன்தான் இதில் உண்மையாக ஒரு வேலையைச் செய்தவன். கொக்கி போனது எனக்கு.

இன்றைக்குக் காலையில் பாயிலிருந்து எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. பிடிப்புதான். இடது கால் மரத்த மாதிரி இருந்தது. சுவரைப் பிடித்து எழுந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து அவள் என்னோடு பேசவே இல்லை, அவள் தம்பிக்கு வேலை போய்விட்டதே. இன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"இடுப்பா?"

"ஒன்னும் இல்ல."

"எங்கிட்டயா சொல்லுத? இருவது வருசமா ஒரு ஆளுக்கு எண்ணெ தேச்சுக்கிட்டு இருக்கேன். அவரும் மொத நாள் இதத்தான் சொன்னாரு, ஒன்னும் இல்லன்னு."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"இப்பவே மில்லுக்குப் போ. மொதலாளியப் பாத்து, என்னால முடியல, எந்திரிக்க முடியல, இது ஒத்த ஆளு தூக்குற பாரம் இல்லன்னு சொல்லு. இன்னைக்கே சொன்னாத்தான் உண்டு. மாமனும் திரும்ப மில்லுக்குப் போவான், நீயும் முழு ஆளா மிஞ்சுவ. சொல்லிட்டு வந்து சோறு தின்னு."

போனேன் சார். நீங்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் திரும்பினேன். வாசலில் ஸ்டூல் காலியாக இருந்தது, அய்யா வேலைக்குப் போகவில்லை. மாமாவும் தங்கமாடன் அண்ணனும் எதிரே வேப்பமரத்தடியில் நின்றார்கள். அம்மா ஆள் விட்டுச் சொல்லியிருப்பாள் போல. ரெண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். மாமா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

ஆபீஸில் சின்ன முதலாளி செல்போனில் அந்த வீடியோவை யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "இந்தா, ஆளே வந்துட்டான்" என்று அந்த மனிதரிடம் சொன்னார். அவர் என்னைக் காலிலிருந்து தலை வரை பார்த்தார். இத்தனூண்டு உடம்பா என்கிற மாதிரி ஒரு பார்வை.

"என்ன கனிராஜ்," என்றார் சின்ன முதலாளி. பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். "உடம்பு எப்படி இருக்கு? இடுப்புகிடுப்பு ஏதும் வலிக்குதா?"

"இல்ல மொதலாளி," என்றேன். "நல்லா இருக்கு."